கரடியில் வரும் ‘ஸ்’, சிவப்பில் வரும் ‘ஸ்’: அல்கோங்கிய மொழிகளின் அடிப்படைச் சொற்களை ஒப்பிடுவது எப்படி?

எழினி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் கனடாவின் மிசிசாகா நகரில் குடியிருக்கிறேன். ஊரின் பெயரே பெரிய ஆற்றுமுகத்தைக் குறிக்கும் ஒஜிப்வே சொல்லிலிருந்து வந்தது என்று அறிந்த நாள் முதல், இந்த மண்ணின் மொழிகளைக் கொஞ்சமாவது தெரிந்துகொள்ளாமல் இங்கே வாழ்வது முறையன்று என்ற எண்ணம் எனக்குள் இருந்துவருகிறது. சென்ற குளிர்காலத்தில் ஒரு குறிப்பேட்டில் கோடு கிழித்து, வட அமெரிக்கப் பழங்குடிகளின் அல்கோங்கிய மொழிக்குடும்பத்திலிருந்து ஒரு பக்கம் சமவெளிக் கிரீ மொழியையும் மறுபக்கம் ஒஜிப்வே மொழியையும் வைத்து அடிப்படைச் சொற்களை எழுதத் தொடங்கினேன். ஒஜிப்வே சொற்களை மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் இணைய அகராதியிலிருந்து எடுத்தேன். அதில் முதியவர்களின் குரலிலேயே சொற்களைக் கேட்கலாம். கிரீச் சொற்களை வேறோர் இணையதளத்தின் பட்டியலிலிருந்து எடுத்தேன்.

தமிழெழுத்தில் எழுதும்போது ஒஜிப்வேயின் மெல்லோசையை ஒற்று இல்லாமலும், கிரீயின் வல்லோசையை ஒற்று இரட்டித்தும் காட்டுகிறேன். நெருப்பு கிரீயில் இஸ்கொத்தேவ், ஒஜிப்வேயில் இஷ்கொதே. தண்ணீர் நிப்பி, நிபி. இரண்டு என்ற எண் நீஸொ, நீஷ். இவற்றில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நாய் கிரீயில் அத்திம், ஒஜிப்வேயில் அனிமொஷ். மனிதன் இயினிவ், இனினி. கரடி மஸ்க்வ, மக்வ. சிவப்பாக இருக்கிறது என்பது மிஹ்க்வாவ், மிஸ்க்வா. இதயம் மித்தேஹ், ஒதே. இவற்றில் எவை ஒரே மூலத்திலிருந்து வந்த உண்மையான இனச்சொற்கள், எவை தற்செயலாகக் கிட்டத்தட்ட ஒலிப்பவை என்று எப்படிப் பிரித்தறிவது? ‘ஒத்திருக்கிறது’, ‘ஒத்திருக்கவில்லை’ என்று பக்கத்தில் குறித்துக்கொண்டே போனேன். பாதியில் அந்தக் குறிப்பின் மேலேயே எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

கல்லாடன்

எழினி, நம்பிக்கை போனது நல்லதற்குத்தான். ‘ஒத்திருக்கிறது’ என்ற அந்தப் பத்தியை முழுவதுமாக அடித்துவிடுங்கள். நம் பால் கன்னடத்தில் ஹாலு. நம் பல் ஹல்லு. நம் பாடு ஹாடு. பகரமும் ஹகரமும் காதுக்கு நெருங்கியவை அல்ல. ஆயினும் தமிழில் பகரம் வரும் இடத்தில் கன்னடத்தில் ஹகரம் வருவது சொல்லுக்குச் சொல் திரும்பத் திரும்ப நிகழ்வதால்தான் அவற்றை இனச்சொற்கள் என்கிறோம். சான்றாக நிற்பது ஒற்றுமை அன்று, ஒழுங்கு.

அல்கோங்கிய மொழிகளில் இதை முதலில் எழுத்தில் பதித்தவர்களுள் ரோஜர் வில்லியம்ஸ் ஒருவர். இன்றைய ரோட் தீவு மாநிலப் பகுதியில் வாழ்ந்த அவர், 1643-இல் லண்டனில் அச்சிட்ட தம் நூலில் நாயைக் குறிக்கும் சொல்லை எடுத்துக்கொண்டு, முப்பது நாற்பது மைல் தொலைவுக்குள்ளேயே அது எப்படியெல்லாம் மாறுகிறது என்று காட்டினார். கவ்வெசெட் மக்கள் அனும் என்றார்கள். நாரகான்செட் மக்கள் அயிம் என்றார்கள். குவினிப்பியாக் மக்களிடம் அது அரும். நிப்மக் மக்களிடம் அலும். மற்ற ஒலிகள் பெரும்பாலும் அசையாமல் நிற்க, நடுவில் உள்ள மெய் ன, ய, ர, ல என்று புரள்கிறது. ஒலிமாற்ற விதி என்ற கருத்தே பிறக்காத காலத்தில், காதால் கேட்டதை ஒருவர் இவ்வளவு நேர்மையாக எழுதிவைத்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

இப்போது உங்கள் அத்திம், அனிமொஷ் இரண்டையும் பாருங்கள். அனிமொஷில் இறுதி ‘ஒஷ்’ பின்னால் சேர்ந்த ஒட்டு. பழைய சொல் அனிம். ஆக அத்திமும் அனிமும்தான் ஒப்பிடத்தக்கவை. வேறுபாடு ‘த்’துக்கும் ‘ன்’னுக்கும் இடையில் மட்டும். மனிதனைக் குறிக்கும் சொல்லில் கிரீ ‘ய்’ வைக்கும் இடத்தில் ஒஜிப்வே மறுபடியும் ‘ன்’ வைக்கிறது. இரண்டு மொழிகளோடு நிற்காமல் மேற்கே போங்கள். செயென் மொழியில் நாய் ஹொத்தமெ, மனிதன் ஹெத்தனெ, இரண்டிலும் ‘த்’. அரப்பாஹோ மொழியில் மனிதன் ஹினென், நாய் ஹெஃத். இங்கே ‘ஃத’ என்று நான் எழுதுவது நாக்கு நுனியைப் பல்லிடையே வைத்துக் காற்றை உரசவிடும் ஒலி.

அதாவது, ஒஜிப்வே இரு சொற்களிலும் ‘ன்’. செயென் இரு சொற்களிலும் ‘த்’. கிரீயும் அரப்பாஹோவும் மட்டும் இரண்டையும் வேறுவேறாக வைத்திருக்கின்றன. ஆகவே இம்மொழிகளுக்கெல்லாம் மூலமான தாய்மொழியில் இவை இரண்டு தனித்தனி ஒலிகளாக இருந்திருக்க வேண்டும். எழுத்தில் கிடைக்காத, மீட்டுருவாக்கிய வடிவம் என்று காட்டும் உடுக்குறியிட்டு, நாய்க்கு *அஃதெம்வ என்றும், மனிதனுக்கு *எரென்யிவ என்றும் மீட்டுருவாக்குகிறார்கள். உங்கள் குறிப்பேட்டில் ‘ஒத்திருக்கவில்லை’ என்று விழுந்த நாய், குடும்பத்தின் மிகப் பழைய சொற்களுள் ஒன்று.

பொருநை

நல்ல விளக்கம். ஆனாலும் எனக்கு ஒரு தடை இருக்கிறது. ஒஜிப்வே இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது என்கிறீர்கள். ஒரே ஒலி கிரீயில் ஏதோ காரணத்தால் இரண்டாகப் பிரிந்தது என்று ஏன் கொள்ளக் கூடாது? வேறுபாடு தென்படும் இடங்களிலெல்லாம் தாய்மொழிக்கு ஒரு புதிய ஒலியைச் சேர்த்துக்கொண்டே போனால், தாய்மொழி வெறும் கணக்குப் புத்தகமாகிவிடாதா? இன்னொன்றையும் கேட்கிறேன். மொழிகளை ஒப்பிடுவதற்கென்று அடிப்படைச் சொற்கள் நூற்றைத் தொகுத்த சுவாடெஷ் பட்டியலை வைத்து, ஒத்த சொற்களை எண்ணி, விழுக்காடு கண்டு, நெருக்கத்தைத் தீர்மானிக்கும் முறை இருக்கும்போது இவ்வளவு சுற்றிவளைக்க வேண்டுமா?

கல்லாடன்

பொருநை அம்மா, இரண்டாவது கேள்விக்கு விடை சுருக்கமானது. எண்ணுவதற்கு முன் எவை இனச்சொற்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள ஒலியொழுங்கைக் கண்டிருக்க வேண்டும். கண்ணால் பார்த்து எண்ணியிருந்தால் எழினி நாயைத் தள்ளிவிட்டு எண்ணியிருப்பார். எண்ணுவது கடைசி வேலை.

முதல் கேள்விதான் ஆழமானது. ஒரே ஒலி இரண்டாகப் பிரிந்தது என்றால், எந்தச் சூழலில் பிரிந்தது என்று சொல்லியாக வேண்டும். சூழல் ஒன்றாகவே இருந்து விளைவு மட்டும் வேறானால், மூலத்திலேயே வேறுபாடு இருந்தது என்றுதான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. இதற்கு எழினியின் பட்டியலிலேயே அருமையான சான்று கிடக்கிறது. கரடிக்குக் கிரீ மஸ்க்வ, ஒஜிப்வே மக்வ. இங்கே கிரீயில் ‘ஸ்’ இருக்கிறது, ஒஜிப்வேயில் இல்லை. சிவப்புக்குக் கிரீ மிஹ்க்வாவ், ஒஜிப்வே மிஸ்க்வா. இங்கே ஒஜிப்வேயில் ‘ஸ்’ இருக்கிறது, கிரீயில் அதன் இடத்தில் ஹகரம். நெருப்பில் இரண்டிலுமே உரசொலி இருக்கிறது. மூன்றிலும் அடுத்து வருவது ககரமே; மூன்றிலும் முன்னால் இருப்பது குறில். ஒரே மூலத்திலிருந்து இம்மூன்று விளைவுகளையும் வருவிக்க வழியில்லை.

1925-இல் அமெரிக்க மொழியியலாளர் லெனர்ட் புளூம்ஃபீல்டு இந்த முடிச்சைத்தான் அவிழ்த்தார். அவர் எடுத்துக்கொண்டவை மெஸ்குவாக்கி, கிரீ, மெனோமினி, ஒஜிப்வே என்னும் நான்கு மொழிகள். மெனோமினி மொழியை விஸ்கான்சினில் பேசுவோரிடமே உட்கார்ந்து கற்றவர் அவர்; மெஸ்குவாக்கிக்கு அம்மக்களின் குருதிவழியினரான வில்லியம் ஜோன்ஸ் தொகுத்து 1907-இல் வெளியான கதைத்தொகுதி அவருக்குத் துணை நின்றது. சிவப்பைக் குறிக்கும் அடிச்சொல்லில் மட்டும் நான்கு மொழிகளின் விளைவுகளும் வேறெந்த வரிசையிலும் அடங்கவில்லை. மெஸ்குவாக்கியில் ‘ஷ்க்’, கிரீயிலும் மெனோமினியிலும் ‘ஹ்க்’. ஒரே ஒரு சொல் குடும்பத்துக்காகத் தாய்மொழிக்குத் தனி மெய்ம்மயக்கம் ஒன்றை அவர் வகுத்தார். அப்போது அவருக்குத் தெரிந்திருந்த எந்த மொழியும் அந்த மயக்கத்தைத் தனியாக ஒலிக்கவில்லை. நீங்கள் கேட்ட அதே கேள்வியை அன்றைக்கு யாரும் கேட்டிருக்கலாம்: இது கணக்குப் புத்தகம்தானே என்று.

மூன்றாண்டு கழித்து, 1928-இல், அவர் ஒரு சிறு குறிப்பை வெளியிட்டார். மானிடோபாப் பகுதியின் சதுப்புநிலக் கிரீ வட்டார வழக்கில் ‘அவன் சிவப்பாக இருக்கிறான்’ என்பதற்கு மிஹ்த்குஸிவ் என்கிறார்கள். சமவெளிக் கிரீயில் வெறும் ‘ஹ்க்’ இருக்கும் இடத்தில் அங்கே ‘ஹ்த்க்’ என்று தனி மயக்கம் உயிரோடு ஒலித்துக்கொண்டிருந்தது. காகிதத்தில் வகுத்த வேறுபாடு, வகுத்த பின்னர், பேசும் வாயில் கிடைத்தது. அந்தச் சொல்லைத் தாளில் எழுதி என் மேசைக்கு மேல் ஒட்டிவைத்திருக்கிறேன்.

பொருநை

ஒப்புக்கொள்கிறேன். சூழல் ஒன்று, விளைவு மூன்று என்று நீங்கள் அடுக்கிய விதம் என் தடையைத் தீர்த்துவிட்டது. கரடியையும் சிவப்பையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மணிமிடை

இழையை முதலிலிருந்து படித்தேன். நான் இம்மொழிகளுக்குப் புதியவன். எழினி குறிப்பிட்ட அகராதியில் ‘நான்’ என்பதற்கு ஒஜிப்வேச் சொல்லைத் தேடினேன். நீன் என்று கிடைத்தது. கியூபெக் மாநிலத்தில் பேசப்படும் அத்திக்கமெக் மொழியில் அதே பொருளுக்கு நீர் என்கிறார்கள். நம் நீ, நீர், நீன் என்ற முன்னிலைச் சொற்களோடு இவை எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகின்றனவே! தமிழுக்கும் இவற்றுக்கும் தொன்மையான உறவு இருக்குமா என்று ஆராய்வது தகுமா?

கல்லாடன்

மணிமிடை, ஆர்வத்தோடு தேடியதற்கு மகிழ்ச்சி. ஆனால் அந்த ‘நீர்’ எங்கிருந்து வந்தது என்று அதன் உறவினர்களிடமே கேட்டுப் பாருங்கள். கிரீ வட்டார வழக்குகளை மேற்கிலிருந்து கிழக்காக எடுத்துக்கொண்டால், ‘நான்’ என்பது சமவெளிக் கிரீயில் நிய, காட்டுப்பகுதிக் கிரீயில் நீத, நம் ‘அது’ என்ற சொல்லில் ஒலிக்கும் மெல்லிய தகரத்தோடு, சதுப்புநிலக் கிரீயில் நீன, மூஸ் கிரீயில் நீல, அத்திக்கமெக்கில் நீர். இந்தப் புரளல் ‘நான்’ என்ற ஒரு சொல்லோடு நிற்பதில்லை. மனிதனைக் குறிக்கும் சொல்லும் அதே வரிசையில் இயினிவ், இதினிவ், இனினிவ் என்று மாறி, அத்திக்கமெக்கில் இரினிவ் ஆகிறது. நம் வாழைப்பழம் ஊருக்கு ஊர் ழகரத்தை ளகரமாகவும் யகரமாகவும் மாற்றிக்கொள்வதைப் போன்றதே இது. ஆகவே ‘நீர்’ என்பதன் ரகரம் கிரீ மொழிக்குள்ளேயே ஒரு மூல ஒலிக்குக் கிடைத்த ஐந்து முகங்களுள் ஒன்று. தமிழின் ‘நீர்’ என்பதில் உள்ள ரகரமோ பன்மையும் மரியாதையும் காட்டும் விகுதி. பொருளும் தன்மைக்கும் முன்னிலைக்குமாகக் குறுக்கே நிற்கிறது. உறவு இருந்தால் ஒரு சொல்லோடு நிற்காது. சொல்லுக்குச் சொல் அதே மாற்றம் தொடர வேண்டும். இங்கே அடுத்த சொல்லிலேயே கை விட்டுப்போகிறது.

இன்னொன்றையும் இதிலேயே கவனியுங்கள். சதுப்புநிலக் கிரீயின் இனினிவும் ஒஜிப்வேயின் இனினியும் ஏறக்குறைய ஒன்றாகவே ஒலிக்கின்றன. இதை மட்டும் பார்ப்பவர் சதுப்புநிலக் கிரீ ஒஜிப்வேயின் கிளை என்று எழுதிவிடுவார். நாயைக் கேட்டால் குட்டு உடைந்துவிடும்: சதுப்புநிலத்திலும் அது அத்திம்தான். வட்டார வழக்குகளில் புரள்வது மனிதனில் உள்ள பழைய ஒலி; நாயில் உள்ள பழைய ஒலி கிரீ முழுவதிலும் தகரமாகவே உறைந்திருக்கிறது.

சொல்லின் தோற்றத்தை வைத்து முடிவெடுப்பதன் ஆபத்துக்கு இல்லினாய் மாநிலத்தின் பெயரும் சான்று. அது ‘மனிதர்கள்’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். மயாமி–இல்லினாய் மொழியை ஆராய்ந்த டேவிட் கோஸ்டா, அது ‘வழக்கமான முறையில் பேசுகிறான்’ என்ற வினைச்சொல்லிலிருந்து புறப்பட்டு ஒஜிப்வே வழியாகப் பிரெஞ்சுக்குள் போனது என்று காட்டினார்.

பொருநை

எழினியின் பட்டியலில் இன்னும் அவிழாத முடிச்சு ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியும். இதயத்துக்குக் கிரீ மித்தேஹ் என்றும் ஒஜிப்வே ஒதே என்றும் எழுதியிருக்கிறீர்கள். மகரம் ஏன் ஒகரமாயிற்று என்று தேடினால் விடை கிடைக்காது, ஏனென்றால் அது மாறவே இல்லை. இம்மொழிகளில் உடலுறுப்பும் உறவுமுறையும் உடையவர் இன்றித் தனியே வாரா. ‘என்’ என்பதற்கு நகர முன்னொட்டு, ‘உன்’ என்பதற்குக் ககர முன்னொட்டு, ‘அவனுடைய’ என்பதற்கு ஒகரம், ‘யாரோ ஒருவருடைய’ என்பதற்கு மகரம். கிரீயில் நித்தேஹ் என்றால் என் இதயம். ஒத்தேஹ் என்றால் அவனுடைய இதயம். மித்தேஹ் என்றால் யாருடையது என்று சொல்லாத இதயம். ஒஜிப்வேயின் ஒதே அவனுடைய இதயம். நீங்கள் எடுத்த இணையப் பட்டியல் எச்சரிக்கை இல்லாமல் ஓரிடத்தில் மகரத்தையும் வேறோரிடத்தில் நகரத்தையும் கொடுத்திருக்கும். முன்னொட்டைக் கழற்றினால் ‘தேஹ்’, ‘தே’ என்று நேர்க்கோட்டில் நிற்கும். ஒஜிப்வேச் சொல்லின் இறுதியில் தொண்டையை அடைத்து நிறுத்தும் ஒலியொன்று உண்டு, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். வாயும் பாதமும் இப்படியே. கிரீ மித்தோன், மிஸித் என்ற வடிவங்களிலிருந்து மகரத்தை எடுத்துவிட்டுத்தான் எதோடும் ஒப்பிட வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ளத் தமிழரைவிடத் தகுந்தவர் யார் என்று தோன்றியது. சங்கச் செய்யுளில் எந்தை என்றால் என் தந்தை, நுந்தை என்றால் உன் தந்தை, தந்தை என்றால் அவனுடைய தந்தை. எம்பி, நும்பி, தம்பி என்பதும் அதுவே. இன்று தம்பி, தங்கை என்னும் படர்க்கை வடிவங்களை மட்டும் வைத்துக்கொண்டு ‘என் தம்பி’ என்கிறோம். கிரீயில் இன்றும் என் தந்தை நோஹ்தாவி, உன் தந்தை கோஹ்தாவி. ஒஜிப்வேயில் நோஸ், கோஸ். உறவு என்று நான் சொல்லவில்லை. ஒரே வகையான இலக்கண ஏற்பாட்டை இரண்டு நிலங்கள் தனித்தனியே கண்டிருக்கின்றன. ஆனால் நம் பழந்தமிழை முறையாகப் படித்தவருக்கு நோஹ்தாவியைப் பார்த்ததும் முன்னொட்டைக் கழற்றக் கை தானாகப் போகும்.

சிவப்பைப் பற்றியும் ஒரு சொல். இம்மொழிகளில் நிறம் பெயரடை அன்று, வினை. அந்த வினையும் உயிருள்ள பொருளுக்கு ஒன்று, உயிரற்றதற்கு ஒன்று என்று இரண்டு. ஒஜிப்வேயில் துணி சிவந்திருந்தால் மிஸ்க்வா. கரடியோ கல்லோ சிவந்திருந்தால் மிஸ்கொஸி. கல் உயிருள்ள பாலைச் சேர்ந்தது, சமையல் கெண்டியும் அப்படியே. பட்டியலில் ‘சிவப்பு’ என்று ஒரு கட்டத்தை மட்டும் விட்டால், ஒரு மொழிக்கு இந்த வடிவமும் இன்னொரு மொழிக்கு அந்த வடிவமும் வந்து விழுந்து, இல்லாத வேறுபாட்டை உண்டாக்கிவிடும்.

எழினி

பொருநை அக்கா, நீங்கள் சொன்னது சரியே. பட்டியலைத் திறந்து பார்த்தேன். கைக்கு மகர வடிவமும் பல்லுக்கு நகர வடிவமும் கொடுத்திருக்கிறார்கள். எங்கும் ஒரு குறிப்புக்கூட இல்லை. நானும் கவனிக்காமல் அப்படியே படியெடுத்து வைத்திருந்தேன். உடலுறுப்பு, உறவுமுறைப் பக்கங்களை இப்போது மீண்டும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மணிமிடை

கல்லாடன் ஐயா, முந்தைய விளக்கத்துக்கு நன்றி, மயக்கம் தெளிந்தது. அப்படியானால், ஒரு சொல் எல்லா மொழிகளிலும் ஒலியொழுங்குக்கு உட்பட்டு நின்றால், அது தாய்மொழிக் காலத்திலேயே இருந்தது என்று உறுதியாகக் கொள்ளலாம் அல்லவா?

கல்லாடன்

அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது, மணிமிடை. சாராயத்துக்குக் கிரீயில் இஸ்கொத்தேவாப்பொய், ஒஜிப்வேயில் இஷ்கொதேவாபோ, மெஸ்குவாக்கியில் அஷ்கொத்தேவாபொவி. முன்பகுதி எழினி எழுதிய நெருப்பு, பின்பகுதி நீர்மப்பொருள். நெருப்புநீர். ஒலிகள் ஒவ்வொன்றும் விதிப்படி நேர்க்கோட்டில் நிற்கின்றன. வேண்டுமானால் உடுக்குறியிட்டுத் தாய்மொழி வடிவத்தைத் தவறில்லாமல் எழுதிவிடலாம். ஆனால் தாய்மொழி பேசப்பட்டது ஏறத்தாழ 2,500 முதல் 3,000 ஆண்டுகளுக்கு முன். வடித்த சாராயம் இந்த நிலத்துக்கு வந்தது ஐரோப்பியரோடு. சார்ல்ஸ் ஹாக்கெட் 1948-இல் எழுதிய கட்டுரையில் இந்தச் சொல்லை விரிவாக எடுத்து ஆராய்ந்தார்.

எப்படி நேர்ந்தது? நெருப்புக்கும் நீர்மத்துக்குமான சொற்கள் எல்லா மொழிகளிலும் பழமையாக இருந்தன. புதிய பொருள் வந்தபோது ஒரு மக்கள் இரண்டையும் இணைத்துப் பெயரிட, அண்டை மக்கள் அந்தப் பெயரைத் தங்கள் மொழியின் அதே உறுப்புகளைக் கொண்டு கட்டிக்கொண்டார்கள். உறுப்புகள் பழையவை ஆதலால் கட்டடமும் பழையதாகத் தோன்றுகிறது. அதே பின்பகுதியைக் கொண்டு தேநீருக்கும் பெயர் கட்டியிருக்கிறார்கள். கிரீயில் அது மஸ்கிஹ்கீவாப்பொய், மருந்துநீர். எனவே அடிப்படைச் சொற்களை ஒப்பிடும்போது பிரிக்க முடியாத சொற்களையே முதலில் எடுப்பது நல்லது. கூட்டுச்சொற்களைப் பிறகு, அவற்றால் குறிக்கப்படும் பொருளின் வரலாற்றையும் கையில் வைத்துக்கொண்டு பார்க்கலாம்.

எழினி

நன்றி ஐயா. நான் மூன்றாவது பத்தியாக அரப்பாஹோவைச் சேர்க்க முயன்றேன், திகைத்து நிற்கிறேன். முயலுக்குக் கிரீ வாப்பொஸ், ஒஜிப்வே வாபோஸ். அரப்பாஹோவில் நோக்கு! சூரியனுக்கு மெஸ்குவாக்கி கீஷெஸ்வ, ஒஜிப்வே கீஸிஸ், அரப்பாஹோ ஹீஸீஸ். கிரீயோ பீஸிம் என்று வேறு வழியில் போகிறது.

கல்லாடன்

அரப்பாஹோவைக் கண்டு திகைக்காதவர் கிடையாது. அதன் மாற்றங்கள் கடுமையானவை, ஆனால் ஒழுங்கானவை. 1935-இல் ட்ரூமன் மைக்கெல்சன் அவற்றை வரிசைப்படுத்திக் காட்டினார். பழைய வகரம் அங்கே நகரமாகிறது. பழைய பகரம் சில உயிர்களுக்கு முன் ககரமாகவும், இகரம் போன்ற முன்னுயிர்களின் முன் சகரமாகவும் ஆகிறது. பழைய ககரம் மறைந்துபோகிறது. அதனால் உயிரெழுத்தில் தொடங்க நேரும் சொல் முன்னால் ஒரு ஹகரத்தை ஏற்றுக்கொள்கிறது. இப்போது முயலை மீண்டும் பாருங்கள்: வா நோ ஆயிற்று, ப் க் ஆயிற்று. நோக்கு விதிப்படியே நிற்கிறது. சூரியனில் ககரம் போய் ஹகரம் முளைத்தது. உங்கள் நிபி, அதாவது தண்ணீர், அங்கே நெச். மூன்று சொற்களும் ஒரே சட்டத்துக்குப் பணிகின்றன.

கிரீயின் பீஸிம் வேறு வகை. அங்கே பழைய சொல்லின் இடத்தைப் பிறிதொரு சொல் பிடித்துக்கொண்டது. எவ்வளவு அடிப்படையான சொல்லும் இதற்கு விலக்கு அன்று. தண்ணீருக்கே மிக்மாக் மொழியில் ஸம்க்வன், செயெனில் மஹ்பெ. மனிதனுக்குச் சமவெளிக் கிரீயில் ஆணைக் குறிக்க இன்று வழங்குவது நாப்பேவ். இயினிவ் பொதுவாக மனிதர் என்ற பொருளுக்கு ஒதுங்கியிருக்கிறது. ஆகவே பழைய சொல் கிடைக்காத கட்டத்தில் வேறு சொல்லை இட்டு நிரப்பாமல், பக்கத்திலேயே நெருங்கிய பொருளில் அது ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பிளாக்ஃபுட் மொழிக்குப் போகும்போது இந்த இழப்பு மிகுதியாகத் தெரியும். சொற்களை மட்டும் பார்ப்பவர் அதைக் குடும்பத்திலிருந்தே வெளியே தள்ளிவிடுவார். ஆனால் அங்கேயும் ‘என்’, ‘உன்’, ‘அவனுடைய’ என்பவை நித், கித், ஒத் என்று நிற்கின்றன. பொருநை அம்மா காட்டிய அதே முன்னொட்டுகள். பசிபிக் கரையில், வட கலிஃபோர்னியாவில் பேசப்பட்ட வியாட், யூரோக் மொழிகளை 1913-இல் எட்வர்ட் சபீர் இந்தக் குடும்பத்தோடு இணைத்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது; இடையே அவ்வளவு பெரிய நிலப்பரப்பு கிடக்கிறது. 1958-இல் மேரி ஹாஸ் ஒலியொழுங்குகளைக் காட்டிய பிறகுதான் வழக்கு தீர்ந்தது. யூரோக்கிலும் ‘என்’ நகரத்தோடும் ‘உன்’ ககரத்தோடும் வருகிறது. சொல் போனாலும் ஒட்டு நிற்கும்.

பொருநை

இந்த உழைப்பு ஏட்டோடு நின்றுவிடுவதில்லை என்பதையும் இங்கே பதிய விரும்புகிறேன். மாசச்சூசெட் மொழியில் ஜான் எலியட் மொழிபெயர்த்த விவிலியம் 1663-இல் அச்சாயிற்று. வட அமெரிக்காவில் அச்சான முதல் முழு விவிலியம் அதுவே. அம்மொழி பேசுவோர் இல்லாமல் போய் நூறாண்டுக்கு மேல் கழிந்த பின், 1993-இல் அம்மொழிக்குரிய வாம்பனோவாக் மக்களைச் சேர்ந்த ஜெஸ்ஸி லிட்டில் டோ பெயர்டு அதை மீட்கும் பணியைத் தொடங்கினார். பழைய ஆவணங்களோடு உறவு மொழிகளின் ஒலியொழுங்குகளும் அந்தப் பணிக்குக் கருவிகள். அவருடைய மகள் அம்மொழியைத் தாய்மொழியாகக் கேட்டு வளர்ந்தார். மயாமி மொழியில் பிரெஞ்சுப் பாதிரியார்கள் குறிலுக்கும் நெடிலுக்கும் வேறுபாடு காட்டாமல் எழுதிவைத்த சொற்களுக்கு, மெஸ்குவாக்கி போன்ற உறவு மொழிகளைக் கேட்டு நீளம் மீட்டிருக்கிறார்கள். ஒரு குழந்தை தன் மூதாதையின் சொல்லை எந்த நீளத்தில் ஒலிக்க வேண்டும் என்பதற்கு விடை, பக்கத்து மொழியின் பட்டியலில் இருக்கிறது. அதனால்தான் எழினி அந்தப் பக்கங்களைத் திருத்தி எழுதுகிறார் என்று கேட்டபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

எழினி

உங்கள் மூவருக்கும் என் நன்றி. இன்று மாலை ‘ஒத்திருக்கிறது’ என்ற பத்தியை அடித்துவிட்டு, அதன் இடத்தில் ‘எந்த ஒலிக்கு எந்த ஒலி’ என்று தலைப்பிட்டேன். முதலில் மரத்தை எடுத்தேன். கிரீ மிஸ்திக், ஒஜிப்வே மித்திக். கிரீயில் தகரத்துக்கு முன் ஒரு ‘ஸ்’ இருக்கிறது, ஒஜிப்வேயில் இல்லை. முன்பானால் ‘ஏறக்குறைய ஒத்திருக்கிறது’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருப்பேன். இம்முறை நிறுத்தி, வேறெந்தச் சொல்லில் கிரீயின் ‘ஸ்த்’ ஒஜிப்வேயின் ‘ஸ்’ இல்லாத வல்லோசைத் தகரத்தை எதிர்கொள்கிறது என்று இரண்டு அகராதிகளையும் அருகருகே திறந்துவைத்துத் தேடினேன். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ‘அங்கே வைக்கப்பட்டிருக்கிறது’ என்பதற்குக் கிரீ அஸ்தேவ், ஒஜிப்வே அத்தே. பிறகு மெஸ்குவாக்கியைப் பார்த்தேன்: மரம் மெஹ்தெக்வி, வைக்கப்பட்டிருக்கிறது அஹ்தேவி. இரண்டிலும் தகரத்துக்கு முன் ஹகரம். மூன்று மொழிகளின் பெயரையும் ஒரே வரியில் எழுதி, கீழே ஸ்த், த்த், ஹ்த் என்று குறித்தேன். இந்த வரிசைக்கு மூன்றாவது சொல்லை நாளை தேடுகிறேன். கிடைத்ததும் இங்கே இடுகிறேன்.